72 மணி நேரக் கடிகாரம்: அரசு மருத்துவமனைகளின் அவசர மனநல சேவை எப்படி இருக்கிறது?

நள்ளிரவில் நாலு பேர் ஒருவரைப் பிடித்துக்கொண்டு வந்து அரசு மருத்துவமனை வாசலில் இறக்குகிறார்கள். அவர் சம்மதிக்காவிட்டாலும் அங்கிருக்கும் டியூட்டி டாக்டர் ஊசி போடலாமா? போடலாம். எதற்காக, எவ்வளவு நேரத்துக்கு, யாரைக் கேட்டுக்கொண்டு என்பதை மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, தன் 94-ஆம் பிரிவில் ஒரு பக்கத்துக்குள் சொல்லிவிடுகிறது. 2018 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தச் சட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகள் தரும் அவசர மனநல சேவைதான் இங்கே மதிப்பிடப்படுகிறது. வீட்டில் ஒருவரை இப்படி அழைத்துப்போக வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கும், வார்டிலும் காஷுவாலிட்டியிலும் வேலை பார்ப்பவர்களுக்கும் சேர்த்தே எழுதியது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். சட்டத்தின் வரைவு நன்றாக இருக்கிறது, ஐந்துக்கு நாலு கொடுக்கலாம். ஊசி, மருந்து, முதல் ஒரு மணி நேரக் கவனிப்பு ஆகியவை பயிற்சி பெற்றவர்கள் பணியில் இருக்கும் இடங்களில் நன்றாகவே நடக்கின்றன. சறுக்குவது நேரக் கணக்கிலும் கேஸ் ஷீட் எழுதுவதிலும். அதிகாரம் எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்று எழுதாத மருத்துவமனையில் அந்த அதிகாரத்துக்கு எல்லையே இல்லாமல் போகிறது. அந்த இடத்தில் ஐந்துக்கு ஒன்றரைக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.

அதிகாரம் யார் கையில்?

1987-ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தில், சம்மதம் சொல்லாத அல்லது சொல்ல முடியாத ஒருவரை உறவினரோ நண்பரோ எழுதித் தரும் விண்ணப்பத்தின் பேரில் 90 நாள் வரை உள்ளே வைக்கலாம். மருத்துவமனைப் பொறுப்பு அலுவலர் ‘இது நோயாளியின் நலனுக்குத் தேவை’ என்று கருதினால் போதும், கூடவே இரண்டு மருத்துவச் சான்றிதழ்கள். கண்காணிப்பாளரின் மேசைதான் எல்லாவற்றுக்கும் மையம்.

2017 சட்டம் அதை மாற்றிப்போட்டது. அவசர சிகிச்சை தரும் அதிகாரம் இப்போது பதிவுபெற்ற எந்த மருத்துவருக்கும் உண்டு. அவர் மனநல மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் கொடுக்கலாம், தாலுகா மருத்துவமனை டியூட்டி டாக்டர் கொடுக்கலாம், நோயாளியின் வீட்டிலேயே வைத்தும் கொடுக்கலாம். ‘இது மனநல கேஸ், எங்களால் தொட முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்’ என்று திருப்பி அனுப்புவதற்குச் சட்டத்தில் எந்த ஆதாரமும் இல்லை. அரசு மருத்துவமனைகளில் இருக்கும் மருத்துவ அலுவலர்கள் எல்லோருக்கும் அடிப்படை மற்றும் அவசர மனநல சிகிச்சையில் பயிற்சி தர வேண்டும் என்று 31-ஆம் பிரிவு அரசுக்குக் கடமையே விதித்திருக்கிறது.

நிர்வாகிக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் பொறுப்பு. போலீஸ் கொண்டுவரும் நபரைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்வது, ஒருவரைக் கட்டிவைத்தால் அதன் காரணமும் நேரமும் உடனே பதிவாகிறதா என்று பார்ப்பது, மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் அனுப்புவது எல்லாம் பொறுப்பு அலுவலரின் தலையில். அவசரம் என்ற சொல்லைக் காட்டி வார்டு முழுவதற்கும் பொதுவாக ஓர் உத்தரவு போடும் அதிகாரம் அவருக்கு எந்தப் பிரிவிலும் இல்லை. 94-ஆம் பிரிவு ஒரு ஆளுக்கு, ஒரு ஆபத்துக்கு, ஒரு கால அளவுக்கு மட்டும்.

அந்த ஆபத்துகள் மூன்று. உயிர் போகும் நிலை அல்லது உடல்நலத்துக்குத் திரும்பச் சரிசெய்ய முடியாத கேடு. தனக்கோ பிறருக்கோ கடுமையான தீங்கு. நோயின் நேரடி விளைவாகத் தன் சொத்துக்கோ பிறர் சொத்துக்கோ கடுமையான சேதம். இதில் ஒரு நுணுக்கம் பலருக்குத் தெரியாது. சொத்துச் சேதம் அவசர சிகிச்சைக்குக் காரணமாகலாம். ஆனால் அதன்பின் ‘ஆதரவுடன் கூடிய அனுமதி’யில், அதாவது நோயாளிக்காகப் பேசும் பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில், உள்ளே சேர்ப்பதற்கு 89-ஆம் பிரிவு வேறு மூன்று நிலைகளைத்தான் ஏற்கிறது: தனக்கு உடல் தீங்கு செய்துகொள்வது அல்லது அப்படி மிரட்டுவது, பிறரிடம் வன்முறை காட்டுவது அல்லது அவர்களை அஞ்ச வைப்பது, தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாமல் ஆபத்தில் இருப்பது. டி.வி.யை உடைத்தார் என்பது மட்டும் அட்மிஷனுக்குப் போதாது. குடும்பத்தார் இதைத் தெரிந்துகொண்டு வந்தால் வாசலில் வாக்குவாதம் குறையும்.

72 மணி நேரம் என்பது வைத்துக்கொள்ளும் நேரம் அல்ல

இந்தச் சேவையில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். ‘அவசரத்தில் 72 மணி நேரம் வைத்துக்கொள்ளலாம்’ என்று வார்டுகளில் பேசிக்கொள்கிறார்கள். சட்டம் சொல்வது வேறு: 72 மணி நேரம், அல்லது மனநல நிறுவனத்தில் அவரைப் பரிசோதித்து முடிக்கும் வரை, இதில் எது முந்துகிறதோ அதுவரைதான்.

அதாவது கீழ்ப்பாக்கத்தில் உள்ள அரசு மனநலக் காப்பகம் போன்ற ஓர் இடத்துக்கு ஒருவர் இரவு 11 மணிக்கு வந்து, 12 மணிக்கு மனநல மருத்துவர் பார்த்து முடித்துவிட்டால், 94-ஆம் பிரிவின் அதிகாரம் 12 மணிக்கே முடிந்தது. அதன்பின் மூன்றே வழிகள். அவராக விரும்பித் தங்கினால் 86-ஆம் பிரிவில் சுயேச்சை அட்மிஷன். முடிவெடுக்கும் திறன் குறைந்து அதிக ஆதரவு தேவைப்பட்டால் 89-ஆம் பிரிவு. இரண்டும் இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். ‘மூன்று நாள் பார்த்துவிட்டு முடிவு செய்வோம்’ என்ற நாலாவது வழி கிடையாது. 72 மணி நேரம் முழுமையாகப் பயன்படுவது, மனநல மருத்துவர் இல்லாத தாலுகா மருத்துவமனையிலும், விஷம் குடித்து ஐ.சி.யு.வில் கிடப்பவருக்கும், மலைக்கிராமத்திலிருந்து ஆம்புலன்ஸ் வந்து சேர வேண்டிய இடங்களிலும்தான்.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது? அருகிலுள்ள மனநல நிறுவனத்துக்கு அழைத்துச் செல்வதும் அவசர சிகிச்சைதான் என்று பிரிவின் விளக்கமே சொல்கிறது. ஆகவே வார்டில் படுக்கை கொடுத்த நேரத்தை எழுதுவது தவறு. முதல் ஊசி போட்ட நேரம், அல்லது அவர் விருப்பமில்லாமல் ஆம்புலன்ஸில் ஏற்றிய நேரம், இரண்டில் முந்தியதை எழுதுவதே சரியான, பாதுகாப்பான கணக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து அனுப்பும் ரெஃபரல் சீட்டில் மருந்தின் பெயரும் அளவும் இருக்கும், நேரம் மட்டும் இருக்காது. பெறுகிற மருத்துவமனை தன் வரவு நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கும். இப்படி ஐந்தாறு மணி நேரம் காணாமல் போகிறது. இரண்டு மருத்துவமனை தாண்டி வந்தால் ஒரு நாளே காணாமல் போகலாம்.

இந்த அதிகாரத்தில் எதைச் செய்யக் கூடாது என்பதும் தெளிவாக இருக்கிறது. ஆபத்துக்கு நேரடித் தொடர்பில்லாத சிகிச்சை கூடாது. மின்னதிர்வு சிகிச்சை கூடவே கூடாது. சாப்பிடாமல், அசையாமல் கிடக்கும் கேட்டடோனியா நோயாளிக்கு அது உயிர் காக்கும் சிகிச்சையாக இருந்தாலும், அவசரப் பிரிவைக் காட்டிச் செய்ய முடியாது. முறைப்படி அட்மிஷன் போட்டு, சம்மதம் வாங்கி, மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்துத்தான் செய்ய வேண்டும். மருத்துவர்களில் சிலர் இதைக் குறை சொல்வதுண்டு. பழைய கால மருத்துவமனைகளில் மின்னதிர்வு எப்படியெல்லாம் பயன்பட்டது என்பதை நினைத்தால், இந்தக் கதவைச் சாத்தியதை நாங்கள் சரியென்றே சொல்வோம்.

இரவு இரண்டு மணிக்கு யாருடைய கையெழுத்து?

நோயாளியின் சார்பில் முடிவு சொல்லும் நியமனப் பிரதிநிதி அருகில் இருந்தால் அவருடைய சம்மதம் வேண்டும். இல்லையென்றால் அவருக்காகக் காத்திருந்து ஆபத்தை வளரவிட வேண்டியதில்லை. முன்பே எழுதி நியமித்த ஆள் இல்லாவிட்டால் உறவினர், பிறகு பராமரிப்பவர், பிறகு வாரியம் நியமிக்கும் ஆள், யாருமே இல்லையென்றால் சமூக நலத்துறை இயக்குநர் அல்லது அவர் அனுப்பும் ஆள் என்று 14-ஆம் பிரிவு வரிசை போட்டிருக்கிறது. வீடற்றவரோடு இரவில் வருவது போலீஸ்காரர் ஒருவர்தான். அவர் நியமனப் பிரதிநிதி ஆக மாட்டார். அவரிடம் சம்மதக் கையெழுத்து வாங்கி ஒட்டிவைப்பது செல்லாத காகிதம். அங்கே எழுத வேண்டியது இவ்வளவுதான்: ‘பிரதிநிதி யாரும் இல்லை. இன்ன எண்ணுக்கு இத்தனை மணிக்கு அழைத்தோம், பதில் இல்லை. இன்ன ஆபத்து இருப்பதால் சிகிச்சை தொடங்கப்பட்டது.’ இந்த மூன்று வரி இருந்தால் மருத்துவருக்கும் பாதுகாப்பு, நோயாளிக்கும் பாதுகாப்பு. மனநலத்தில் வேலை செய்யும் பதிவுபெற்ற சங்கத்தின் பிரதிநிதியைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. இப்படி இரண்டு சங்கங்களின் இரவு எண்ணைக் காஷுவாலிட்டி சுவரில் ஒட்டிவைப்பது பைசா செலவில்லாத ஏற்பாடு.

ஆம்புலன்ஸ், போலீஸ்

உடல் நோயாளிக்குக் கிடைக்கும் அதே அளவில், அதே தரத்தில் ஆம்புலன்ஸ் கிடைக்க வேண்டும் என்பது 21-ஆம் பிரிவு தரும் உரிமை. 108-ஐ அழைக்கும்போது ‘மெண்டல் கேஸ்’ என்று சொல்லாதீர்கள். என்ன ஆபத்து என்று சொல்லுங்கள்: கையில் கத்தி இருக்கிறது, மூன்று நாளாகத் தண்ணீர் குடிக்கவில்லை, மாடியிலிருந்து குதிக்கப் பார்த்தார், நெஞ்சுவலி உண்டு, சர்க்கரை நோயாளி. அனுப்ப வேண்டிய ஆட்களை அவர்கள் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். ஆபத்து இன்னும் அந்த அளவுக்குப் போகவில்லை, என்ன செய்வதென்று தெரியவில்லை என்றால் டெலி மானஸ் 14416. 2022-இல் தொடங்கிய இந்தக் கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே பேசலாம். அருகில் எந்த மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு என்பதையும் கேட்டுக்கொள்ளலாம்.

தெருவில் ஆதரவின்றித் திரிபவரைப் பாதுகாப்பில் எடுக்கும் கடமை காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கு உண்டு. எடுத்ததிலிருந்து 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள பொது சுகாதார நிலையத்தில் சேர்த்தாக வேண்டும். எந்தச் சூழ்நிலையிலும் லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடற்றவர் என்றால் காணாமல் போனவர் என்று எஃப்.ஐ.ஆர். போட்டுக் குடும்பத்தைத் தேட வேண்டியதும் அந்த நிலையத்தின் வேலை. இதில் கடைசிப் பகுதிதான் அடிக்கடி விட்டுப்போகிறது. அது விட்டுப்போனால் பெயர் தெரியாத ஒருவர் குணமான பிறகும் போக இடமில்லாமல் வார்டிலேயே ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுவார்.

ஊசிக்கு முன்னும் பின்னும்

முதலில் பார்க்க வேண்டியது மனம் அல்ல, சர்க்கரை. விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம், அரை நிமிட வேலை. சர்க்கரை தாழ்ந்தவரும், மூளைக்காய்ச்சல் வந்தவரும், தலையில் அடிபட்டவரும், குடியை நிறுத்தி மூன்றாம் நாளில் கை நடுங்கி இல்லாத பூச்சிகளைத் தட்டிவிடுபவரும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருப்பார்கள். குடியை விட்டதால் வந்த குழப்பம் என்றால் தேவைப்படுவது பென்சோடயசெபைன் வகை அமைதி மருந்தும், குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும். அவரை ‘மனநோய்’ என்று எழுதி வார்டுக்கு அனுப்பினால் விடிவதற்குள் உயிர் போகலாம்.

கொந்தளிப்பில் இருப்பவருக்குப் பேச்சு முதல் மருந்து. ஒரே ஆள் பேச வேண்டும், மற்றவர்கள் இரண்டு கை தூரம் விலகி நிற்க வேண்டும், கதவை அவருக்கு மறைக்கக் கூடாது. பேச்சு எடுபடாவிட்டால் வாயில் கரையும் மாத்திரை. அதையும் மறுத்தால்தான் ஊசி. தசையில் போடும் ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்து, கூடவே புரோமெத்தசின் 25 முதல் 50 மில்லிகிராம். இந்தக் கூட்டு மருந்து இங்கே பரவலாகப் பயன்படுவதற்கு வேலூர் சி.எம்.சி.யில் நடந்த ஆய்வு ஒரு முக்கிய காரணம். 2004-இல் வெளியான அந்த ஆய்வில் 200 நோயாளிகளைப் பிரித்து, ஒரு பாதிக்கு இந்தக் கூட்டு மருந்தும் மறு பாதிக்கு லோரசெபாம் என்ற அமைதி மருந்து 4 மில்லிகிராமும் கொடுத்தார்கள். நாலு மணி நேரத்தில் இரு பிரிவிலும் 96 சதவீதம் பேர் அமைதியாகவோ உறக்கத்திலோ இருந்தார்கள். ஆனால் உறங்கியவர்கள் கூட்டு மருந்தில் 76 சதவீதம், லோரசெபாமில் 45 சதவீதம். உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்படும் வேலை, நம்முடைய அரசு காஷுவாலிட்டிகளுக்கும் கட்டுப்படியாகும் மருந்து.

புரோமெத்தசினை விட்டுவிட்டு ஹாலோபெரிடாலை மட்டும் போடும்போது வருவது டிஸ்டோனியா. கழுத்து ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளும், கண் மேலே செருகும், தாடை இறுகும், நாக்கு தடித்தது போல ஆகும். பார்க்கும் தாய் ‘பேய் இன்னும் இறங்கவில்லை’ என்று அலறி, மறுநாளே தர்காவுக்கோ கோயிலுக்கோ கொண்டுபோய்விடுவார். இது மருந்தால் வருவது, புரோமெத்தசின் ஊசி போட்டால் சில நிமிடங்களில் விலகும் என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது ஸ்டாஃப் நர்ஸின் வேலையில் சேர வேண்டும். இன்னொரு தவறு: ஒலன்சபைன் ஊசியையும் லோரசெபாம் ஊசியையும் அடுத்தடுத்துப் போடுவது. மூச்சு தணிந்து ரத்த அழுத்தம் விழும். லோரசெபாம் குப்பியை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்பதும், மின்வெட்டு நீண்ட இரவுக்குப் பின் அந்த ஸ்டாக்கைச் சோதிக்க வேண்டும் என்பதும் சிறிய விஷயம்போலத் தெரியும். வேலை செய்யாத மருந்தைப் போட்டுவிட்டு, ‘அடங்கவில்லை’ என்று இன்னொரு டோஸ் போடுவது இங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஊசி போட்டபின் முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு முறை நாடி, ரத்த அழுத்தம், மூச்சு எண்ணிக்கை, உணர்வு நிலை. தூங்கிவிட்டார் என்று விளக்கை அணைத்துவிட்டுப் போவதுதான் இந்தச் சேவையில் மிக ஆபத்தான பழக்கம்.

கட்டிவைப்பது

இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்றுதான் ஆக வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். எந்த வடிவிலும் சங்கிலி கூடாது என்று 95-ஆம் பிரிவு சொல்லும் ஒற்றை வரிக்குப் பின்னால் அந்த விடியற்காலை இருக்கிறது.

தனிமைச் சிறை முற்றாகத் தடை. பழைய மனநல மருத்துவமனைகளில் கம்பிக் கதவு போட்ட ஒற்றை அறைகள் இன்னும் நிற்கின்றன. ‘தனியாக இருந்தால் அமைதியாகிவிடுவார்’ என்று அதில் பூட்டுவது, பொறுப்பு அலுவலரே உத்தரவிட்டாலும், சட்டமீறல். உடலைக் கட்டுவதற்கு மட்டும் 97-ஆம் பிரிவு ஒரு குறுகிய வழி வைத்திருக்கிறது: உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, சிகிச்சைப் பொறுப்பில் உள்ள மனநல மருத்துவர் அனுமதித்தால், எவ்வளவு நேரம் கண்டிப்பாகத் தேவையோ அவ்வளவு நேரம். தண்டனையாகக் கூடாது, மிரட்டலாகக் கூடாது. ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டியும் கூடாது. இந்தக் கடைசி வாக்கியத்தைச் சட்டத்தில் எழுதியவர்களுக்கு எங்கள் வணக்கம். அறுபது பேர் வார்டில் இரவுக்கு ஒரு நர்ஸ், இரண்டு பணியாளர்கள் என்று இருக்கும்போது கைகளைக் கட்டிவிட்டால் வேலை சுலபம் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தச் சுலபத்தைத்தான் சட்டம் மறுக்கிறது. கட்டாமல் சமாளிக்க என்ன செய்யலாம் என்றால், படுக்கையை நர்ஸ் மேசைக்கு எதிரே கொண்டுவருவது, பக்கத்துப் படுக்கைகளைக் காலி செய்வது, சத்தமும் வெளிச்சமும் குறைப்பது, கூட வந்த உறவினரை அருகில் உட்கார வைப்பது, ஒரு பணியாளரை அவருக்கென்றே நிறுத்திவிட்டு மற்ற வார்டிலிருந்து ஆள் கேட்பது. ஆள் கேட்டதையும் எழுதிவைக்க வேண்டும்.

கட்டியே ஆக வேண்டும் என்றால் ஐந்து பேர் தேவை. நாலு பேர் ஆளுக்கு ஒரு கையோ காலோ, ஐந்தாவது ஆள் தலைமாட்டில் நின்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும். மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், தலைப்பக்கம் சற்று உயர்ந்திருக்க வேண்டும். குப்புறப் படுக்க வைத்து முதுகில் முழங்காலை ஊன்றுவதால் மூச்சடைத்துச் சாவு நேரும். அகலமான துணிப்பட்டை அல்லது வெல்க்ரோ பட்டை. கட்டுக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் போக வேண்டும். புடவை, வேட்டி, கயிறு, காஜ் துணி எதுவும் கூடாது. காஜ் இழுக்க இழுக்க நூலாகத் திரண்டு மணிக்கட்டை அறுக்கும். கட்டிலின் அசையாத சட்டத்தில் கட்ட வேண்டும், ஏற்றி இறக்கும் பக்கக் கம்பியில் கட்டினால் யாரோ கம்பியை இறக்கும்போது தோள் மூட்டு கழன்றுவிடும். 15 நிமிடத்துக்கு ஒரு முறை விரல் நுனியின் நிறமும் சூடும் பார்க்க வேண்டும். தண்ணீர், கழிவறை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு கையாக அவிழ்த்து நீட்டி மடக்குவது. ஒரே நிலையில் நீண்ட நேரம் கிடந்தால் காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகும் அபாயம் உண்டு.

கேஸ் ஷீட்டில் நாம் அடிக்கடி பார்ப்பது: ‘நோயாளி வயலன்ட். கட்டப்பட்டார்.’ இதில் சட்டம் கேட்கும் எதுவும் இல்லை. இருக்க வேண்டியது இப்படி: ‘இரவு 11.40. பக்கத்துப் படுக்கைக்காரரின் கழுத்தை இரு முறை நெரித்தார். பேச்சு, மாத்திரை இரண்டும் பலனில்லை. 11.45-க்கு மனநல மருத்துவரிடம் போனில் அனுமதி பெறப்பட்டது, பெயர் இன்னது. இரு கைகள் துணிப்பட்டையால். 12.35-க்கு உறக்கம், கட்டு அவிழ்க்கப்பட்டது. மொத்தம் 50 நிமிடம். அண்ணனுக்கு 12.50-க்குத் தகவல்.’ ஒவ்வொரு முறை கட்டும்போதும் 24 மணி நேரத்துக்குள் நியமனப் பிரதிநிதிக்குத் தெரிவிக்க வேண்டும். மாதம் ஒரு முறை எல்லாவற்றையும் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரு பெரிய மருத்துவமனை மாதா மாதம் ‘இல்லை’ என்றே அறிக்கை அனுப்புகிறதென்றால் அங்கே யாரையும் கட்டுவதில்லை என்று நினைக்க முடியவில்லை. எழுதுவதில்லை என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

பேரிடர் என்றால் ஏழு நாள்

அரசு பேரிடரையோ அவசர நிலையையோ அறிவித்தால் அவசர சிகிச்சையின் காலம் 72 மணி நேரத்திலிருந்து ஏழு நாள் வரை நீளலாம். நிர்வாகிகள் கையில் கிடைக்கும் கூடுதல் அவகாசம் இது ஒன்றுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையைச் சுற்றிச் சாலைகளை மூழ்கடித்ததுபோல ஒரு நிலையில், ஆம்புலன்ஸ் நகர முடியாமல் ஒருவர் தாலுகா மருத்துவமனையிலேயே மாட்டிக்கொண்டால் இது நியாயமான ஏற்பாடு. ஆனால் வானிலை மையத்தின் சிவப்பு எச்சரிக்கை அரசின் அறிவிப்பு ஆகாது. ஆணை எண்ணையும் தேதியையும் கேஸ் ஷீட்டில் குறிக்க வேண்டும். நீள்வது காலம் மட்டும். மின்னதிர்வுத் தடை, சங்கிலித் தடை, தனிமைத் தடை, பதிவு செய்யும் கடமை எதுவும் புயலோடு அடித்துப் போவதில்லை. வெள்ளம் வடிந்து சாலை திறந்த பிறகும் ஏழு நாளை முழுசாகப் பயன்படுத்துவது சட்டத்தின் நோக்கத்துக்கு விரோதம் என்பது எங்கள் கருத்து.

அச்சில் ஒரு பிழை, இன்னொரு சிறிய அதிகாரம்

முன்கூட்டியே எழுதிவைக்கும் மருத்துவ அறிவுறுத்தல் அவசர சிகிச்சைக்குப் பொருந்தாது என்கிறது 9-ஆம் பிரிவு. ஆனால் அதில் அச்சாகியிருப்பது ‘103-ஆம் பிரிவின் கீழ் தரும் அவசர சிகிச்சை’. 103-ஆம் பிரிவு சிறைவாசிகளைப் பற்றியது. மசோதாவில் இருந்த பழைய எண் அப்படியே தங்கிவிட்டது. நோக்கம் 94 தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை என்றாலும், ‘எனக்கு ஹாலோபெரிடால் வேண்டாம், சென்ற முறை கழுத்து முறுக்கிக்கொண்டது’ என்று ஒருவர் எழுதி வைத்திருந்தால், கையில் இருக்கும் வேறு மருந்தைக் கொடுப்பதற்கு எந்தப் பிரிவும் தடையில்லை. அந்தக் காகிதத்தைப் பிரித்துப் படிக்க ஒரு நிமிடம் போதும்.

இன்னொன்று, 88-ஆம் பிரிவின் 24 மணி நேரம். தானாக வந்து சேர்ந்தவர் நள்ளிரவில் ‘நான் கிளம்புகிறேன்’ என்றால் பொதுவாக உடனே அனுப்ப வேண்டும். ஆபத்து உண்டு என்று மனநல வல்லுநர் கருதினால் மட்டும், 89-ஆம் பிரிவுக்கான பரிசோதனைக்காக 24 மணி நேரம் நிறுத்தலாம். ‘ஆர்.எம்.ஓ. (உறைவிட மருத்துவ அலுவலர்) காலையில் வந்துதான் கையெழுத்து போடுவார்’ என்பது இந்தப் பிரிவில் வராது.

கடிகாரம் நின்ற பிறகு

89-ஆம் பிரிவில் சேர்த்தால் 30 நாள் வரை. ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும். ஒருவர் எழுதியதில் மற்றவர் கையெழுத்து மட்டும் போடுவது தனிப் பரிசோதனை அல்ல. பெண்கள், சிறார்கள் என்றால் மூன்று நாளில், மற்றவர்கள் என்றால் ஏழு நாளில் வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். முடிவெடுக்கும் திறனை ஏழு நாளுக்கு ஒரு முறை திரும்பப் பார்க்க வேண்டும். மூன்று வயதுக்குள் குழந்தை இருக்கும் தாயைச் சேர்த்தால் குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது. இதற்கு வசதி செய்து வைத்திருக்கும் வார்டு மிகக் குறைவு.

சேர்த்தது தவறு என்று தோன்றினால் நோயாளியோ பிரதிநிதியோ வாரியத்துக்கு எழுதலாம், கட்டணம் கிடையாது. ஏழு நாளில் முடிவு சொல்ல வேண்டும். இலவச சட்ட உதவிக்கும் உரிமை உண்டு. வெள்ளைத் தாளில் பெயர், சேர்த்த தேதி, நேரம், கொண்டுவந்தது யார், மறுப்புக்கான காரணம் ஆகியவற்றை எழுதி மருத்துவமனை அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவப் பதிவின் நகல் கேட்கும் உரிமை 25-ஆம் பிரிவில் இருக்கிறது. கேட்கும்போது டிஸ்சார்ஜ் சுருக்கத்தோடு திருப்தியாகிவிடாமல், முதல் இரவின் கேஸ் ஷீட் பக்கங்களையும் காஷுவாலிட்டி பதிவேட்டில் உள்ள வரியையும் சேர்த்துக் கேளுங்கள். முதல் ஊசியின் நேரமும், பரிசோதனை முடிந்த நேரமும் அந்தப் பக்கங்களில்தான் இருக்கும்.